பொம்மைப் படத்தில் நல்லதாக ஒன்று

கேக் டின்னை ஓவனிலிருந்து எடுத்ததும் அண்ணி அதை மேசையில் வைக்க மாட்டார். முதலில் காதருகே கொண்டுபோவார். தடித்த துணிக் கையுறை போட்ட இரண்டு கைகளாலும் டின்னைப் பிடித்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்கிறவரைப் போல நிற்பார். வேகாத கேக்குக்குள் சின்னதாக ஒரு பொரிகிற சத்தம் இருக்கும். வேக வேக அது அடங்கும். அடங்கியும் அடங்காமலும் இருக்கிற நேரத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும். முழுக்க அடங்கிவிட்டால் கேக் காய்ந்துபோய்விட்டது என்று அர்த்தம்.

நாங்கள் வேலை பார்க்கும் பேக்கரியில் ஓவனின் கண்ணாடி எந்தக் காலத்திலோ கறுத்துவிட்டது. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் வந்த பழக்கம் என்பார் அண்ணி. நான் அங்கே பெட்டி மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தபோதே அவருடைய வலது காது மடலில் தேநீர் நிறத்தில் ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது.

"என்னக்கா, போன்ல யாரு?" என்று முன்பக்கத்திலிருந்து கேஷியர் எட்டிப்பார்த்துக் கேட்பார். தினமும் இதே கேள்விதான். அவருக்கு அலுக்கவே அலுக்காது.

"உன் மாமியார். உன்னைத்தான் கூப்பிடுறாங்க. இந்தா, பேசு" என்று அண்ணி சூடான டின்னை அவர் பக்கம் நீட்டுவார். கேஷியர் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார்.

ஒருநாள் அண்ணி என்னிடம் சொன்னார்: "கேக்குக்கு ஒண்ணே ஒண்ணுதான் பேசத் தெரியும். வெந்துட்டேன், வேகல. அவ்ளோதான். அதுக்கு மேல அதுகிட்ட எதிர்பாக்கக் கூடாது."

"அது ரெண்டாச்சே அண்ணி."

"விஷயம் ஒண்ணுதான். பதில்தான் ரெண்டு. பெட்டியை மடி."

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்களின் உச்சிக்கெல்லாம் நோகாமல் போய் வருகிறவர், எங்கள் வீட்டுக்கு மட்டும் மூன்று மாடி படியேறித்தான் வருவார். அந்த வீட்டில் அவர்கள் இருவரும், அவர்களுடைய ஒரே மகளும், அவளுக்கு அத்தையான நானும் இருந்தோம். மகளை நாங்கள் வாண்டு என்று கூப்பிடுவோம். வளர்ந்து என் தோளைத் தாண்டிய பிறகும் வாண்டுதான்.

பேக்கரி வேலை விடியுமுன் தொடங்கி மதியத்தில் முடிந்துவிடும். அண்ணி சாயங்காலம் கூடத்தில் நாற்காலியைப் போட்டு, பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர் ஊற்றி, அதில் இரண்டு கால்களையும் வைத்து உட்காருவார். நாளெல்லாம் நின்ற கால்கள் வீங்கிச் சிவந்திருக்கும். அந்த நேரத்தில்தான் டிவியில் அந்தத் தொடர் வரும். வாண்டு அப்போது ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் காலடியில், தொட்டியை ஒட்டி, தரையில் உட்கார்ந்துகொள்வாள். நான் ஓரத்தில் கடையிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருப்பேன்.

அது ஜப்பான்காரர்கள் வரைந்த தொடர். பேச்சும் அவர்களுடைய மொழியில்தான் இருக்கும்; நம் எழுத்தில் கீழே வரிகள் ஓடும். வெந்நீர் சூட்டில் அண்ணிக்குக் கண் சொருகும் என்பதாலும், எனக்கு அவ்வளவு வேகமாகப் படிக்க வராது என்பதாலும், வாண்டு அந்த வரிகளை உரக்கப் படிப்பாள். அழுகிறவளுக்கு அழுகிற குரலில், கோபப்படுகிறவனுக்குக் கோபமான குரலில். தொடரில் வருகிற எல்லாரும் எங்களுக்கு வாண்டின் குரலில்தான் பேசினார்கள்.

கதை இதுதான். தோள்வரை முடி வெட்டிய ஒரு பெண். ரயில் நிலையத்துக்கு எதிரே அவளுடைய பெரியம்மா நடத்தும் சின்ன கேக் கடையில் வந்து தங்குகிறாள். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு இசைப்பள்ளி. அங்கே வயலின் வாசிக்கிற பையன் ஒருவன். அவன் பேசவே மாட்டான். கடையில் வேலை கற்க வந்த இன்னொருவன் இருப்பான். அவன் பேச்சை நிறுத்தவே மாட்டான். அந்தப் பெண்ணுக்கு மனதில் இருப்பதைச் சொல்ல வராது. அதனால் வாரம் ஒரு கேக் செய்வாள். சொல்ல வராததையெல்லாம் அந்தக் கேக்கில் வைப்பாள். சாப்பிடுகிறவர் ஒரு வாய் வைத்ததும் கண் பெரிதாகும், பின்னால் பூ விழும், எல்லாம் புரிந்துவிடும்.

"ஜன்னல் மூடித்தானே இருக்கு? பூ எங்கிருந்து விழுது?" என்பார் அண்ணி, கண்ணைத் திறக்காமலே.

"அம்மா, அது நெஜப் பூ இல்ல. அவ மனசு."

"மனசா? பெருக்கறது யாரு?"

"ஐயோ அம்மா!"

"அவ ஏன் முடியைக் கட்டல?"

"அவ ஹீரோயின்மா."

"ஹீரோயின் முடின்னா கஸ்டமர் சும்மா விட்டுடுவானா? கண்ணு ரெண்டும் பன் சைஸுக்கு இருக்கு, கிரீம்ல முடி விழுறது மட்டும் தெரியலையாமா."

இப்படித்தான் ஒவ்வொரு நாளும். முட்டையை எப்போதும் ஒற்றைக் கையால் உடைக்கிறாள், ஓடு ஒருநாளும் உள்ளே விழவில்லை. மூன்று கேக் செய்துவிட்டாள், ஒரு பாத்திரம்கூட அழுக்காகவில்லை. ஓவனில் வைத்தவுடன் ஒரு பாட்டு, பாட்டு முடிந்தவுடன் கேக் வெந்துவிடுகிறது. யாருக்கும் வியர்ப்பதில்லை, யாருக்கும் கால் வீங்குவதில்லை. நடுவில் ஒரு போட்டி வந்தது. சுருள்முடிக்காரி ஒருத்தி, பணக்கார வீட்டுப் பெண், சர்க்கரையில் அன்னப்பறவை செய்தாள். அதையே வாரக்கணக்கில் இழுத்தார்கள். "இந்தச் சர்க்கரைப் பறவை இன்னுமா உருகல?" என்று அண்ணனே கேட்டுவிட்டார்.

அண்ணிக்கு ஆகவே ஆகாதது ஒன்று உண்டு. வயலின் பையன் ஊரைவிட்டுப் போகப்போகிறான் என்று அந்தக் கேக் கடைப் பெண் தவறாக நினைத்துக்கொண்டு, பல வாரங்கள் மழையில் நின்று அழுவாள்.

"நேராப் போய் 'போறியா, இருக்கியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன? வாய்ல பன்னை வச்சு அடைச்சிருக்கா?"

சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பினார். "நீ மட்டும் வாயைத் திறந்தா சொன்னே? உனக்கு என்னைப் பிடிச்சிருக்குன்னு உங்க அப்பா வந்துதானே சொன்னாரு."

"ஏங்க, பிள்ளை முன்னாடி என்ன பேச்சு இது" என்று அண்ணி தொட்டித் தண்ணீரைக் காலால் அளைந்தார். வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தத் தொடரில் அண்ணிக்குப் பிடித்தது ஒன்றுமே இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் திரையைவிட அதிகமாகப் பார்த்தது அவருடைய முகத்தையும் தொட்டியில் இருந்த கால்களையும்தான். ஒருநாள் கதையில் பெரியம்மாவின் பிறந்தநாளுக்காக அந்தப் பெண் ஸ்பாஞ்ச் கேக் செய்கிறாள். நடுவில் அமுங்கிவிடுகிறது. மறுபடி செய்கிறாள். அதுவும் அமுங்குகிறது. கடைசியில் ஓவன் கதவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். பாட்டு இல்லை, பூ இல்லை. குளிர்பெட்டியின் இரைச்சல் மட்டும். கையில் ஒட்டிய மாவை விரல் விரலாக உரிக்கிறாள். அவ்வளவு நேரம் வேறு எதையும் காட்டவில்லை. அண்ணியின் கண் திறந்திருந்தது. தண்ணீரில் கால் அசையவில்லை.

"என்னம்மா, இன்னிக்கு ஒண்ணும் சொல்லல?" என்றாள் வாண்டு, அம்மாவின் முகத்தையே பார்த்து.

"ஓவன் கதவுல சாஞ்சா முதுகு சுட்டுப்போகும். வரைஞ்சவனுக்கு அதுகூடத் தெரியல" என்றார் அண்ணி.

வாண்டு திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

இன்னொன்றும் நான் கவனித்தேன். யாராவது கேக்கை வாயில் வைக்கிற இடம் வந்தால் அண்ணி நாற்காலியில் முன்னால் நகருவார். எங்கள் வேலை கடையின் பின்பக்கத்தில். அண்ணி செய்ததை நான் பெட்டியில் வைத்து நூல் கட்டி முன்பக்கம் அனுப்புவேன். அது யார் வீட்டுக்குப் போகிறது, யார் வெட்டுகிறார்கள், முதல் துண்டு யாருக்கு என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. இத்தனை வருட வேலையில் தன் கேக்கை ஒருவர் சாப்பிடுவதை அண்ணி பார்த்தது வீட்டில் மட்டும்தான். அதிலும் முக்கியமாக வாண்டு. ஆரஞ்சுத் தோலைச் சீவிப் போட்டுச் செய்கிற கேக் அவளுக்கு உயிர். நடுத்துண்டு வேண்டாம், ஓரத்துண்டுதான் வேண்டும் என்பாள். அவள் சாப்பிடும்போது அண்ணி பாத்திரம் துடைத்துக்கொண்டே நிற்பார். துடைத்த பாத்திரத்தையே மறுபடியும் துடைப்பார்.

தொடர் முடிந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி பார்த்தோம். வாண்டு வளர்ந்தாள். டிவியை விட்டு அவளுடைய போனில் பார்த்தோம். அது பொம்மைப் படம் இல்லை, அனிமே என்று அவள் திருத்துவாள். அண்ணி கடைசிவரை பொம்மைப் படம் என்றுதான் சொன்னார்.

பள்ளிப் படிப்பு முடிந்த கோடையில் ஒரு மாலை, வாண்டு கூடத்தில் நின்றபடியே சொன்னாள். "நான் கேக் வேலை கத்துக்கப் போறேன். ஒரு பெரிய ஹோட்டல்ல ட்ரெயினிங் தராங்க. தங்கறதுக்கு ஹாஸ்டல் இருக்கு." ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டிய ஊர் அது.

அண்ணி தொட்டியிலிருந்து காலை வெளியே எடுத்தார். "என்ன வேலை?"

"நீ செய்யற வேலைதாம்மா."

"நீ உக்காந்து வேலை பாக்கணும்னுதான் நான் இத்தனை வருஷம் நின்னேன்."

"எனக்கு நிக்கப் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்காம்!" அண்ணி ஈரக் காலோடு எழுந்து நின்றார். முழங்கைக்குக் கீழே டின் விளிம்பு பட்டுப் பட்டு விழுந்த கோடுகளை மகள் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதைப் பாரு. இதை எந்தப் பொம்மைக்காவது வரைஞ்சிருக்கானா? ஒருத்தியாவது ஒரு ட்ரே கழுவியிருப்பாளா அதுல? பூ விழுதாம், கண்ணு மின்னுதாம். அதைப் பாத்துக் கெட்டுப்போனவ நீ."

அண்ணன் "விடு, விடு" என்றார். யாரும் விடவில்லை.

"உனக்கு எப்பவும் குறைதாம்மா" என்றாள் வாண்டு. கத்தவில்லை. குரல் இறங்கிப்போயிருந்தது. "இத்தனை வருஷமா எங்கூட உக்காந்து பாத்தியே. அதுல நல்லதுன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லு. சொல்லு, நான் போகல."

அண்ணி வாயைத் திறந்தார். தரையில் அவர் காலிலிருந்து தண்ணீர் வழிந்து என் பெட்டிகளின் பக்கம் ஓடியது. வாண்டு காத்துக்கொண்டு நின்றாள். போக வேண்டும் என்று நிற்கிறவள்போல் இல்லை; ஏதாவது சொல்லேன் என்று கெஞ்சுகிறவள்போல் இருந்தது அவள் நின்றது.

"ஏப்ரன் காயப்போட்டது அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணி பால்கனிக்குப் போனார். ஏப்ரன்கள் இன்னும் காய்ந்திருக்கவில்லை. ஈரத்தோடு எடுத்து மடித்துக்கொண்டு வந்தார்.

வாண்டு போன நாளன்று அண்ணன்தான் ரயில் ஏற்றிவிட்டார். அண்ணி எப்போதும்போல் வேலைக்கு வந்தார். முதல் டின்னை எடுத்துக் காதருகே வைத்தார். வைத்தவர் வைத்தபடியே நின்றார். பின்னால் ஓவனில் மற்ற டின்கள் இருந்தன. நான் "அண்ணி" என்று கூப்பிட்ட பிறகுதான் அசைந்தார். அந்த டின்கள் எல்லாமே முழுக்க அடங்கிப் போயிருந்தன. ரஸ்க்குக்கு அறுத்துப்போட்டோம்.

அதன் பிறகு வீட்டில் போன் என்றால் அண்ணனுடைய போன்தான். வாண்டு அவருக்குத்தான் கூப்பிடுவாள்.

"அம்மா எப்படி இருக்கா?" என்று அங்கிருந்து கேட்பாள்.

"இருக்கா."

"சாப்பிட்டாளான்னு கேளுங்க" என்பார் அண்ணி, அடுப்படியிலிருந்து.

"சாப்பிட்டியான்னு கேக்கறா அம்மா."

"சாப்பிட்டேன்னு சொல்லுங்கப்பா. அம்மாக்குக் கால் எப்படி இருக்கு?"

"கால் எப்படி இருக்குன்னு கேக்கறா."

"அப்படியேதான் இருக்குன்னு சொல்லுங்க."

ஒருநாள் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "நான் என்ன லிஃப்டா? மேலயும் கீழயும் ஏத்தி இறக்கிட்டே இருக்க? இந்தா, நீயே பேசு." அண்ணி கையைப் பார்த்தார். "கையெல்லாம் எண்ணெய்" என்றார்.

இப்படி வருடங்கள் போயின. வாண்டு பயிற்சி முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். ஹோட்டல்காரர்கள் விடுப்பு தருவதில்லை என்று ஒரு வருடம், மாற்று ஆள் இல்லை என்று ஒரு வருடம். வரவில்லை. அவளுடைய கட்டிலில் நான் படுக்க ஆரம்பித்தேன். தலையணையை மட்டும் மாற்றிக்கொண்டேன். அவளுடையதை அண்ணி அலமாரிக்கு மேலே வைத்தார்.

கடையில் மதியத்துக்கு முன் கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்கும். அந்த நேரத்தில் அண்ணி மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து எதையோ பார்க்க ஆரம்பித்தார். சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார். ஆனால் அந்தப் பாட்டு எனக்குத் தெரியாதா? கீழே ஓடும் வரிகளைப் படிக்க அவருக்கு நேரம் போதாது. நிறுத்துவார், உதட்டை அசைத்துப் படிப்பார், பிறகு ஓடவிடுவார். ஒரு கதை முடிய நாள் கணக்காகும்.

"என்ன அண்ணி பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. வரைஞ்சவன் எவ்வளவு தப்பு பண்ணியிருக்கான்னு எண்ணிட்டிருக்கேன்."

எண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஏதோ ஓர் இடத்தை அவர் திரும்பத் திரும்பப் பின்னால் இழுத்துப் பார்த்தார். நான் நிற்கிற பக்கத்திலிருந்து திரை தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். ஒரு ரயில் போகும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு கடைக் கதவின் மணி.

சென்ற வருடம் வாண்டின் பிறந்தநாளுக்கு முன்பு, முதலாளியிடம் கேட்டு அண்ணி ஓவனைக் கொஞ்ச நேரம் தனக்கென்று எடுத்துக்கொண்டார். ஆரஞ்சு கேக். தோலைச் சீவும்போது வெள்ளை வந்துவிடாமல் மேலாகச் சீவினார். வெண்ணெயைக் கையாலேயே குழைத்தார், இயந்திரத்தில் போடவில்லை. ஓவனிலிருந்து எடுத்துக் காதருகே வைத்தபோது கேஷியர் எட்டிப்பார்த்தார். வழக்கமான கேள்வியைக் கேட்காமல் போய்விட்டார்.

பேருந்துப் பார்சலில் போக வேண்டும் என்பதால் நான் கவனமாகக் கட்டினேன். முதலில் பட்டர் பேப்பர், பிறகு ஒரு பெட்டி, அதைச் சுற்றிக் கசக்கிய காகிதம், அதற்கு வெளியே பெரிய பெட்டி.

"அண்ணி, உள்ள ஒரு வார்த்தை எழுதி வச்சிடலாமா?"

"என்ன வார்த்தை?"

"வீட்டுக்கு வான்னு..."

"வேணாம். சாப்பிட்டா அவளுக்குத் தெரியும்."

நான் நூலைப் பிடித்தபடி நின்றேன். இத்தனை வருடமாக அவர் கேலி செய்த அந்தத் தொடரின் வசனம் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். "என்ன பாக்கறே? கட்டு, கட்டு. பஸ் போயிடும்" என்றார்.

பார்சல் போய்ச் சேர்ந்த அன்று மாலை அண்ணனுடைய போனில் குரல் செய்தி வந்தது. அண்ணன் அதை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அப்பா, கேக் வந்துச்சு. உடையவே இல்ல, அத்தை சூப்பரா கட்டியிருக்கா. டேஸ்ட் நல்லா இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. மேல மட்டும் கொஞ்சம் காய்ஞ்சிருக்கு, ஒரு நிமிஷம் முன்னாடியே எடுத்திருக்கலாம். சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கு. எங்க செஃப்புக்கும் ஒரு துண்டு கொடுத்தேன், பழைய ஸ்டைல், ஆனா கை நல்ல கைன்னாரு. ஆரஞ்சுத் தோல் அருமை. சரிப்பா, ஷிஃப்ட் இருக்கு, வைக்கறேன்."

அண்ணன் சிரித்துவிட்டார். "உன் பொண்ணு உன்னையே எடைபோட்டுட்டா!"

அண்ணி சிரிக்கவில்லை. "மறுபடி போடுங்க" என்றார். மறுபடி கேட்டார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, டின்னைக் கேட்பதுபோலவே கேட்டார்.

"குறை மட்டும்தான் சொல்றா" என்றார் கடைசியில்.

"யாரு பொண்ணு?" என்றார் அண்ணன். விளையாட்டாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு போனைக் கீழே வைத்தார். அண்ணி தொட்டித் தண்ணீர் ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கடையில் வேலை முடிந்ததும் அண்ணி வீட்டுக்குக் கிளம்பவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்தார். கழுவிய ட்ரேக்கள் சுவரோடு சாய்ந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. "இதுல அவ நம்பர் எங்க இருக்குன்னு பாரு" என்று தன் போனை என்னிடம் நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். கையில் கிரீம் ஒட்டியிருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"ஹலோ? அம்மாவா?" வாண்டின் குரல் பதறியது. "என்னாச்சு? அப்பாக்கு ஏதாவது?"

"ஒண்ணும் ஆகல. எல்லாரும் நல்லா இருக்கோம். நீ ஒரு கேள்வி கேட்டியே."

"நேத்தா? நான் ஒண்ணும் கேக்கலையே."

"நேத்து இல்ல. போறதுக்கு முன்னாடி. அந்தப் பொம்மைப் படத்துல நல்லது ஒண்ணு சொல்லுன்னு."

அந்தப் பக்கம் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது. சத்தம் குறைந்தது.

"அம்மா, அது எப்பவோ..."

"பதில் இப்பதான் வந்துச்சு. கேளு. அவ கேக்கைச் செஞ்சு முடிச்சு மேசைமேல வைப்பா. கையை ஏப்ரன்ல துடைச்சுப்பா. துடைச்சுட்டு வாசக்கதவைப் பாத்துக்கிட்டு நிப்பா. ரயில் ஒண்ணு போகும். கண்ணாடில நிழல் விழும், யாருக்காகச் செஞ்சாளோ அவங்கதானோன்னு நிமிந்து பாப்பா. அவங்க இல்ல. மறுபடி கையைத் துடைச்சுப்பா. துடைச்ச கையையே துடைப்பா. ஒவ்வொரு கதையிலயும் அது வருது. அந்த நிக்கிறது இருக்கே, அதைச் சரியா வரைஞ்சிருக்காங்க. அதுல ஒரு குறையும் இல்ல."

அண்ணி மடியிலிருந்த போனைக் குனிந்து பார்த்தார்.

"இருக்கியா?"

"இருக்கேம்மா."

"தரையில உக்காந்து மாவை உரிப்பாளே, அதுவும் நல்லாத்தான் வரைஞ்சிருக்காங்க. ஒருத்தி வேலை செய்யறதை இவ்வளவு நேரம் உக்காந்து யாரோ வரைஞ்சிருக்காங்க. அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்ல வரல."

"நீ சொன்னதும் நெஜந்தாம்மா" என்றாள் வாண்டு. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "வந்த புதுசுல எனக்குக் கேக்கையே காட்டல. ட்ரேதான் கழுவினேன். கழுவி கழுவி நகமெல்லாம் போச்சு. இதை ஏண்டா படத்துல காட்டலன்னு உன்னை மாதிரியே திட்டிக்கிட்டே கழுவினேன்."

அண்ணி லேசாகச் சிரித்தார்.

"இங்க ஓவன்ல கண்ணாடி பளிச்சுனு இருக்கும்மா. உள்ள எல்லாம் தெரியும், டைமர் வேற அடிக்கும். ஆனாலும் நான் எடுத்துக் காதுல வச்சுத்தான் பாப்பேன். போன்ல யாருன்னு கேட்டு எல்லாரும் சிரிப்பாங்க."

"அங்கயுமா?" என்றார் அண்ணி. கொஞ்சம் தயங்கி, "நேத்து கேக் சாப்பிட்டியே, எங்க நின்னு சாப்பிட்டே?" என்று கேட்டார்.

"ஸ்டோர் ரூம்ல. யாரும் பாக்காத இடத்துல."

"ஏன்?"

"ஏன்னு கேக்காத."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"அங்க கண்ணாடி இல்லம்மா."

"பூ விழுந்துச்சா?"

"விழுந்துச்சு" என்றாள் வாண்டு. "நான்தான் பெருக்கினேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. கேஷியர் பின்பக்கம் வந்தவர், அண்ணியையும் போனையும் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நெஜமாவே போனா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அண்ணி போனை மடியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தார். கிரீம் ஒட்டியதைக் கவனிக்கவில்லை.

"வீட்டுக்கு வாயேன்" என்றார். "எப்ப வருவே?"

அவ்வளவுதான் கேட்டார். அதைக் கேட்க அவருக்கு எத்தனை வருடங்கள் ஆயிற்று.

"லீவு கேட்டுப் பாக்கறேம்மா" என்றாள் வாண்டு. "இப்ப தர மாட்டாங்க. ஆனா கேக்கறேன்."

அவள் கேட்டாள். தரவில்லை. மறுபடி கேட்டிருக்கிறாள். புதிதாக ஓர் ஆள் வேலைக்கு வந்து பழகியதும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

இப்போது அவளுடைய வார விடுமுறை நாளில், சாயங்காலம், அண்ணி தொட்டியில் காலை வைத்து உட்கார்ந்ததும் அவளே கூப்பிடுகிறாள். இங்கே டிவியில் தொடரைப் போடுகிறோம், அங்கே அவள் தன் அறையில் போடுகிறாள். "ஓடவிடு" என்று ஒருவர் சொல்ல இருவரும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். ஒருபோதும் சரியாக வருவதில்லை. இங்கே பூ விழுந்து முடிந்த பிறகுதான் அங்கே விழ ஆரம்பிக்கும். வாண்டு வரிகளை உரக்கப் படிக்கிறாள், அதே குரல்களில். அண்ணி குறை சொல்கிறார். முடியைப் பற்றி, முட்டையைப் பற்றி, உருகாத சர்க்கரைப் பறவையைப் பற்றி. கேக்கை வைத்துவிட்டு அந்தப் பெண் வாசலைப் பார்த்து நிற்கிற இடம் வரும்போது மட்டும் இரண்டு பக்கமும் பேச்சில்லை.

அலமாரிக்கு மேலிருந்த தலையணையை எடுத்து அண்ணி வெயிலில் போட்டு வைத்திருக்கிறார். வாண்டு இன்னும் வரவில்லை.